டோஸைக் கூட்டினால் முட்டை கூடுமா?

கேள்வி: எனக்கு வயது 38. ஏ.எம்.ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 0.6. ஐ.வி.எஃப் சிகிச்சையில் தினமும் 300 யூனிட் ஊசி போட்டும் 2 முட்டைதான் கிடைத்தது. கரு தங்கவில்லை. அடுத்த முறை 450 யூனிட் போடலாம் என்கிறார்கள். குறைந்த மருந்தே போதும் என்றும் சிலர் சொல்கிறார்கள். எது சரி? டி.ஹெச்.இ.ஏ என்கிற ஹார்மோன் மாத்திரை உதவுமா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: முதலில் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுங்கள், சகோதரி. மாதவிலக்கின் 2-ம் நாளில் இரண்டு சினைப்பையிலும் சேர்த்து எத்தனை சிறு ஃபாலிக்கிள் (முட்டை வளரும் நீர்ப்பை) தெரிந்தது? 3 இருந்து 2 முட்டை வந்திருந்தால், கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. 450 யூனிட் போட்டாலும் நான்காவது ஃபாலிக்கிள் எங்கிருந்தும் வராது. ஊசி புதிதாக முட்டையை உண்டாக்குவதில்லை. அந்த மாதம் தயாராக நிற்பவற்றை வளர்க்கிறது, அவ்வளவுதான். 300 யூனிட்டுக்கு மேல் போவதை ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கமான எஷ்ரேவும் 2019 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை.

7, 8 தெரிந்தும் 2தான் வந்தது என்றால் கதை வேறு. அப்போது, முட்டையைக் கடைசியாக முதிரவைக்கப் போடும் ட்ரிகர் ஊசியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். செவ்வாய் இரவு 10 மணிக்குப் போட்டால், வியாழன் காலை 10 மணியளவில் முட்டை எடுக்க வேண்டும். நேரம் தவறினாலோ, மருந்து முழுதாக உள்ளே போகாவிட்டாலோ ஃபாலிக்கிளிலிருந்து முட்டை பிரிந்து வராது. ஃப்ரீசரில் வைத்து உறைந்த மருந்தும் வேலைக்கு ஆகாது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கச் சொன்ன ஊசியை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள்.

குறைந்த மருந்து முறை உங்களுக்கு நியாயமான வழிதான். 2-ம் நாள் முதல் 5 நாள், ஃபாலிக்கிள் வளரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரை, கூடவே தினமும் 150 யூனிட் ஊசி. பெரிய ஃபாலிக்கிள் 13, 14 மி.மீ. தொட்டதும், முட்டை முன்கூட்டியே வெளியேறாமலிருக்க 0.25 மி.கி. சீட்ரோரெலிக்ஸ் தினமும். 17, 18 மி.மீ. ஆனதும் ட்ரிகர். சீட்ரோரெலிக்ஸை ஒருநாள் மறந்தாலும் முட்டை எடுக்கும் முன்பே போய்விடலாம். முட்டை ஒன்றிரண்டு குறையலாம். மருந்துச் செலவு நன்றாகவே குறையும். அந்தப் பணத்தை இன்னொரு சுற்றுக்கு வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று சுற்றுகளின் கருக்களை உறையவைத்துச் சேர்ப்பதே என் யோசனை. அவசரமென்றால் முட்டை எடுத்த சில நாளிலேயே மறுபடி ஊசி தொடங்கி, ஒரே மாதத்தில் இருமுறை எடுக்கும் 'டூயோஸ்டிம்' முறையும் உண்டு. அதில் கருவை உறையவைத்தே ஆக வேண்டும்.

டி.ஹெச்.இ.ஏ-வைப் பல இடங்களில் எழுதிக்கொடுக்கிறார்கள். பலன் உறுதியாகவில்லை, எஷ்ரேவும் பரிந்துரைக்கவில்லை. முகப்பரு, முடி உதிர்தல் வரலாம். கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

ஒன்றை மனதில் வையுங்கள்: ஏ.எம்.ஹெச் எண்ணிக்கையைத்தான் சொல்லும், தரத்தைச் சொல்லாது. தரம் பெரும்பாலும் வயதைப் பொறுத்தது. உங்கள் 2 முட்டையும் 38 வயது முட்டைகள். 43 வயதில் கிடைக்கும் ஐந்தைவிட இவற்றை நான் அதிகம் நம்புவேன். அடுத்த சுற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.