இரவில் எந்தச் சாலை? – கடிதம்

அன்புள்ள அக்கா,

பெரு நாட்டில் இரவுப் பேருந்துகளில் சுற்றியதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். வரும் ஜூனில் நானும் தனியாகப் போகிறேன். தலைநகர் லீமாவிலிருந்து மலைமேல் இருக்கும் குஸ்கோவுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. பஸ்ஸில் இருபது மணி நேரத்துக்கு மேல். ஈரோடு–சென்னை ஸ்லீப்பரிலேயே எனக்குக் கண் மூடாது. முதுகில் பை மாட்டியவர்கள் எல்லாரும் இரவு பஸ்ஸை ஏதோ தவம் மாதிரி எழுதுகிறீர்கள். விடுதி வாடகை மிச்சம், உயரத்துக்கு உடம்பு பழகிவிடும் என்கிறார்கள். நிஜமா, இல்லை கஷ்டப்பட்ட பெருமையா? அம்மா வேறு பயப்படுகிறார்.

சா., ஈரோடு

அன்புள்ள சா.,

பெருமையும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு விஷயமும் வேறு வேறு.

வாடகை மிச்சம் என்பது பாதிப் பொய். பஸ் விடியற்காலையில் கொண்டுபோய் இறக்கிவிடும். விடுதியில் கட்டில் மதியம்தான் கிடைக்கும். அதுவரை வரவேற்பறை சோபாவில் பையைக் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்க வேண்டும். பிறகு படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பீர்கள். ஒரு ராத்திரி வாடகையை மிச்சம் பிடித்து ஒரு பகலைத் தொலைத்த கணக்கு.

உயரம் பற்றிச் சொல்வது இன்னும் மோசம். குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, லீமா கடலோரம். நேர் பஸ் மதியம் கிளம்பினால் நாஸ்கா வருவதற்குள் இருட்டிவிடும். அதற்கப்புறம்தான் மலை. புக்கியோ பக்கம் 4,000 மீட்டருக்கு மேல் ஏறி, அபன்காயில் 2,400க்கு இறங்கி, மறுபடி ஏறும். வளைவுக்கு மேல் வளைவு, அத்தனையும் தூங்க முயலும் நேரத்தில். ஒரே இரவில் இப்படி ஏறி இறங்கினால் உடம்பு பழகாது. தலைவலியும் குமட்டலும்தான் மிஞ்சும். 'சொரோச்சே' என்று அங்கே சொல்வது இதைத்தான்.

எனக்கு இரவு பஸ் பிடிக்கும். ஆனால் ஏறுவதற்கு முன் ஒன்று பார்ப்பேன்: இந்தச் சாலையை இருட்டில் விட்டுவிட்டால் பரவாயில்லையா? குஸ்கோவுக்குச் சுற்றுவழியில் வரும் அரெகிப்பா நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லீமாவிலிருந்து சுமார் 1,000 கிலோமீட்டர், பதினாறு மணி நேரம் போல ஆகும். பெரும்பகுதி கடலோரப் பாலைவனம். ஜூனில் லீமாவை மூடியிருக்கும் சாம்பல் நிறப் பனிமூட்டத்தில் பகலிலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதை இரவில் கடந்துவிடுங்கள். காலையில் வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டிய நகரமும், பின்னால் 5,822 மீட்டர் மிஸ்தி எரிமலையும். அரெகிப்பாவின் உயரம் 2,335 மீட்டர்தான். இரண்டு மூன்று நாள் தங்குங்கள். பழகுவது என்றால் அதுதான் பழகுவது. பிறகு டிட்டிகாக்கா ஏரிக்கரை ஊரான பூனோ. அங்கிருந்து குஸ்கோவுக்குக் கண்டிப்பாகப் பகல் வண்டி. லா ராயா கணவாய், மஞ்சள் புல்வெளியில் அல்பாக்கா மந்தை, இதையெல்லாம் திரை இழுத்துவிட்ட ஜன்னலுக்குப் பின்னால் விடுவது பாவம். நாள் குறைவு என்றால் பேசாமல் விமானத்தில் போங்கள். அதில் ஒரு குறைச்சலும் இல்லை. குஸ்கோவில் இறங்கியதும் மச்சு பிச்சு பக்கம் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டால் உயரம் குறையும், முதல் இரவு நிம்மதி.

இனி பஸ்ஸுக்குள். பெரிய கம்பெனிகளுக்குச் சொந்த நிலையம் இருக்கும். பெட்டியை எடைபோட்டு ரசீது தருவார்கள், பாஸ்போர்ட் பார்ப்பார்கள். கிளம்புவதற்கு முன் ஒருவர் வீடியோ கேமராவோடு வந்து ஒவ்வொரு முகத்தையும் படம் பிடித்துக்கொண்டு போவார். சிரிக்க வேண்டியதில்லை, யாரும் சிரிப்பதில்லை. பாதுகாப்புக்குத்தான். கீழ்த்தட்டில் 160 பாகை சாயும் இருக்கை வாங்குங்கள்: ஆட்டம் குறைவு, கூட்டமும் குறைவு. கழிப்பறைக்குப் பக்கம் வேண்டாம். அதன் கதவில் சிறுநீருக்கு மட்டும் என்று எழுதியிருக்கும், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சோறும் கோழியுமாக ஒரு பொட்டலம் வரும். சைவம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள், அப்படியும் பிஸ்கட் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட், பணம், போன் இருக்கும் சின்னப் பை தலைக்கு மேலே சாமான் வைக்கும் தட்டுக்குப் போகக் கூடாது, காலடிக்கும் கூடாது. வாரைக் காலில் சுற்றி மடியில் வையுங்கள். தூக்கம் வராதா, வராமல் போகட்டும். படுத்துக் கிடந்தாலே முதுகுக்குப் போதும்.

கொக்கெய்ன் எடுக்கும் செடியான கோக்காவின் இலைத் தேநீர் எங்கும் கொடுப்பார்கள், அங்கே சட்டபூர்வம். மிச்சப் பொட்டலத்தை நினைவுக்கென்று ஊருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். இந்தியாவில் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். உயரத்தால் வரும் தலைவலி, குமட்டலுக்கு மாத்திரை வேண்டுமென்றால் கிளம்புமுன் டாக்டரிடம் கேளுங்கள், விடுதியில் யாரோ நீட்டுவதை வாங்காதீர்கள்.

அம்மா விஷயம். பெருவுக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். லீமாவில் நீங்கள் மாலை ஏழு மணிக்கு ஏறினால் ஈரோட்டில் மறுநாள் விடியற்காலை ஐந்தரை. நீங்கள் போர்த்திக்கொண்டு படுக்கும் நேரம் முழுக்க அம்மாவுக்குப் பட்டப்பகல், கையில் போனோடு உட்கார்ந்திருப்பார். பாலைவனத்தில் மணிக்கணக்கில் சிக்னல் இருக்காது என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். ஏறியதும் கம்பெனி பெயர், இருக்கை எண், போய்ச் சேரும் நேரம் மூன்றையும் அனுப்புங்கள். போய்ச் சேரும் நேரத்தோடு மூன்று மணி நேரம் கூட்டியே சொல்லுங்கள்.