முதலில் மகளிடம் போங்கள்

அன்புள்ள ஐயா,

நான் ஜெபிக்கிறவன், வேதம் வாசிக்கிறவன். ஆனாலும் வீட்டில் கோபத்தை அடக்க முடியவில்லை. நேற்று ஒரு சின்ன விஷயத்துக்காக மகளின் நோட்டைக் கிழித்தெறிந்துவிட்டேன். இரவெல்லாம் முழங்காலில் நின்று ஆண்டவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். கோபமே பாவமா? இயேசுவும் தேவாலயத்தில் கோபப்பட்டாரே? இதை அடக்க ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

கோபமே பாவமில்லை. ‘நீங்கள் கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள்’ என்று பவுல் எபேசியருக்கு எழுதியதிலேயே அதற்குப் பதில் இருக்கிறது. தேவாலயத்தில் இயேசு சவுக்கெடுத்த கதையை விட்டுவிடுங்கள். அங்கே காசு மாற்றி வியாபாரம் செய்தவர்களின் பலகையை அவர் கவிழ்த்ததையும் ஒரு பிள்ளையின் நோட்டைக் கிழித்ததையும் சேர்த்துப் பேசவே கூடாது.

என்னை உலுக்கியது வேறு. ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டதை எழுதியிருக்கிறீர்கள். மகளிடம் கேட்டதாக ஒரு வரிகூட இல்லையே!

என் அப்பாவும் ஜெபிக்கிறவர்தான். பகலில் எங்கள்மேல் எரிந்து விழுவார். இரவு குடும்ப ஜெபத்தில், ‘ஆண்டவரே, என் கோபத்தை மன்னியும்’ என்று குரல் உடைந்து கேட்பார். எதிரே உட்கார்ந்திருக்கும் நாங்களும் ஆமென் சொல்வோம். அப்புறம் எழுந்து படுக்கப் போய்விடுவார். ஆண்டவர் அவரை மன்னித்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காயப்பட்டது நாங்கள். எங்கள் பக்கம் திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டிருப்போம். அவரை இன்றும் நேசிக்கிறேன். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு கடுமையாகப் பேசுகிறேன்.

மலைப்பிரசங்கத்தில் கோபத்தைப் பற்றிப் பேசிய கையோடு இயேசு என்ன சொல்கிறார் என்று பாருங்கள். காணிக்கை செலுத்தப் பலிபீடத்துக்கு வந்த இடத்தில், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ. முதலில் அவனோடு ஒப்புரவாகு. பின்பு வந்து செலுத்து என்கிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில், நாள்கணக்கில் நடக்க வேண்டிய தூரம். அவ்வளவு தூரம் போனவனைத்தான் திரும்பிப் போகச் சொல்கிறார். உங்கள் மகள் அடுத்த அறையில் இருக்கிறாள். நீங்களோ இரவெல்லாம் பலிபீடத்தின் முன்னாலேயே நின்றிருக்கிறீர்கள். பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று அதே எபேசியர் நிருபத்தில் பவுல் தகப்பன்மாருக்குத்தான் எழுதினார். அவளுக்கும் கோபம் இருக்கும். அதைக் காட்ட அவளுக்கு இடமில்லை.

அடக்கும் வழியா? பேசுகிறதற்குப் பொறுமையாயிருங்கள் என்கிறார் யாக்கோபு. கோபம் ஏறும்போது வாயை மூடிக்கொண்டு அறையை விட்டு வெளியே போங்கள். அதுவும் முடியவில்லை என்றால் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது. சரி, அதெல்லாம் பிறகு. இன்றைக்கு மகளிடம் போங்கள். ‘நீ ஒழுங்காக இருந்திருந்தால் நான் கிழித்திருப்பேனா’ என்று ஆரம்பிக்காதீர்கள், அது இன்னொரு திட்டுதான். ‘அப்பா செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடும்மா’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவள் உடனே முகம் கொடுத்துப் பேசாவிட்டால் அவசரப்படுத்தாதீர்கள். புது நோட்டு வாங்கிக்கொடுத்து, கிழிந்துபோனதை அவள் திரும்ப எழுதி முடிக்கும்வரை கூடவே உட்காருங்கள்.