வீட்டுக்கார அம்மா விட்ச் என்றால் பயப்பட வேண்டுமா?

தம்பி, பிரிஸ்டல் வந்த புதிதிலேயே உங்களுக்கு இப்படி ஓர் அழைப்பா! வீட்டுக்கார அம்மா தன்னை ‘விட்ச்’, அதாவது சூனியக்காரி, என்று சொல்லிக்கொள்கிறார், அக்டோபர் 31 ராத்திரி சாப்பிடக் கூப்பிடுகிறார், சாப்பிடும்போது யாரும் பேசக் கூடாதாம், ஒரு நாற்காலி காலியாக இருக்குமாம். இது பில்லி சூனியமா, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள்.

அவர் அநேகமாக விக்கா என்ற இயற்கை வழிபாட்டு மதத்தைச் சேர்ந்தவராக இருப்பார்; அதைப் பின்பற்றுகிறவர்கள் பலர் தங்களை விட்ச் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 பேர் விக்கா என்றும், 74,000 பேர் பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுகிறவர்) என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான வருடப் பாரம்பரியம் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள், தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். அறுவடை கொண்டாடுவதும் இறந்தவர்களை நினைப்பதும் பழசுதான். விக்காவின் இன்றைய வடிவத்தை வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். மாந்திரீகம் தெரியும் என்று சொல்லிக்கொள்வதையே குற்றமாக்கிய 1735ஆம் வருடச் சட்டம் 1951இல்தான் போனது. அதற்குப் பிறகு, 1954இல், கார்ட்னர் இதைப் பற்றிப் புத்தகம் போட்டார். மனிதர் இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், அப்புறம் மலாயாவில் சுங்க அதிகாரி!

செப்டம்பர் கடைசியில் பகலும் இரவும் சமமாகிற நாளை மேபன் என்று கொண்டாடுவார்கள். ஆப்பிள், ரொட்டி, சைடர் என்கிற ஆப்பிள் மது, அவ்வளவுதான். பெரிய நாள், உங்களை அழைத்திருக்கிற அக்டோபர் 31தான். அதன் பெயர் எழுத்தில் சாம்ஹைன் மாதிரி தெரியும், சௌவின் என்று சொல்ல வேண்டும். அன்று உயிரோடு இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் நடுவிலுள்ள திரை மெலிந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. காலி நாற்காலி இறந்தவர்களுக்கு. நம் வீட்டில் மகாளய அமாவாசைக்கு இலை போட்டுப் படைப்பதில்லையா, அந்த மாதிரிதான்.

நான் போன வீட்டில் அந்த அம்மா, மறைந்த கணவருக்குப் பிடித்த வினிகர் வெங்காயத்தை முதலில் காலி நாற்காலிக்கு முன்னால் இருந்த தட்டில் வைத்தார். பிறகுதான் எங்களுக்குப் பரிமாறினார். ஸ்பூன் சத்தம் தவிர ஒன்றுமில்லை. ‘இன்னும் கொஞ்சம்’ என்று கேட்க முடியாததுதான் நமக்குக் கஷ்டம். முடிந்ததும் ஓர் ஆப்பிளைக் குறுக்காக வெட்டிக் காட்டினார்; நடுவில் விதைகள் ஐந்து முனை நட்சத்திரமாக இருந்தன. விட்டுத்தொலைக்க நினைப்பதை ஆளுக்கொரு பிரிஞ்சி இலையில் எழுதி, சின்ன இரும்புச் சட்டியில் போட்டு எரித்தோம். மந்திரம் என்று அங்கே நடந்தது அதுதான்.

மேசையில் கறுப்புப் பிடி போட்ட கத்தி இருந்தால் எடுத்துப் பழம் நறுக்கிவிடாதீர்கள், அது சடங்குக்கானது. வேறெந்தப் பொருளையும் கேட்காமல் தொட வேண்டாம். வட்டம் போட்டு நின்றால் பாதியில் சொல்லாமல் வெளியே போகக் கூடாது. மனசு ஒப்பவில்லையா, ‘சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் உங்கள் மேல் சாபம் இருக்கிறது, காசு கொடுத்தால் எடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்மூரில் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்: நடையைக் கட்டுங்கள்.

வெறுங்கையோடு போக வேண்டாம், சுண்டல் செய்து கொண்டுபோங்கள். மிளகாயைக் குறைத்துப் போடுங்கள். பேசக் கூடாத இடத்தில் தண்ணீர் கேட்கவும் முடியாது, பாவம்.