ஸ்டென்ட் வைத்த பிறகும் இதயத்துக்கு எம்.ஆர்.ஐ. எதற்கு?

கோத்தகிரியில் இருக்கும் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து, கோவையில் ஸ்டென்ட் வைத்தாச்சு, இப்போது எம்.ஆர்.ஐ. எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆஞ்சியோ பெரிய ரத்தக்குழாய்களைத்தான் காட்டும். அவை திறந்தாலும் தசைக்குள் ஓடும் நுண்குழாய்கள் அடைத்தே கிடக்கலாம். அதற்குத்தான் இந்த ஸ்கேன். கை நரம்பில் கடோலினியம் மருந்து ஏற்றி, அது இதயத் தசையில் பரவுவதைத் துடிப்புக்குத் துடிப்பு படமெடுப்பார்கள். ரத்தம் நன்றாகப் போகும் இடம் வெளுக்கும். குறைந்த இடம் கருப்பாகவே நிற்கும். சுமார் 10 நிமிடம் கழித்து எடுக்கும் படத்தில் இது தலைகீழ்: செத்த தசைதான் வெளுப்பாகத் தெரியும். மாரடைப்பு வந்த புதிதில், அந்த வெளுப்பின் நடுவே கருப்பு தெரிந்தால் நுண்குழாய் அடைப்பு.

இதயத்தின் ரத்தக்குழாய்களை விரிக்கும் அடினோசின் என்ற மருந்தைக் கொடுத்துச் சோதிப்பதென்றால் முந்தைய 24 மணி நேரம் டீ, காபி கூடாது. காஃபின் அந்த மருந்தை வேலை செய்ய விடாது. நம்ம மலையில் டீ இல்லாமல் ஒரு நாள் கஷ்டம்தான், ஆனாலும் கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள். அப்புறம், சிறுநீரகக் கோளாறோ பேஸ்மேக்கரோ இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டென்ட் பொதுவாகத் தடையில்லை.