பீட்டர் கேப்ரியலுக்குத் தமிழ் இதழில் ஏன் இடம்?

கேள்வி: சென்ற இதழில் ஆங்கிலேய ராக் பாடகர் பீட்டர் கேப்ரியலுக்கு இரண்டு பக்கங்கள் ஒதுக்கியிருந்தீர்கள். தன்னை வளர்த்த குழுவை நடுவழியில் விட்டுவிட்டுப் போனவர் அவர். பிறகு நம் தென்னாப்பிரிக்காவின் துயரத்தைப் பாடிப் பெயர் சேர்த்துக்கொண்டார். டர்பனில் பாடும் நம் பிள்ளைகளுக்கே இடம் போதாதபோது இவருக்குத் தமிழ் இதழில் என்ன வேலை?
— ஒரு வாசகர், சாட்ஸ்வர்த்

பதில்: ஐயா, உங்கள் கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. முதலாவது முழுத் தவறு. இரண்டாவதில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. ஆனால் நீங்கள் தேடிய இடத்தில் அது இல்லை.

நீங்கள் சொல்லும் ஜெனிசிஸ் குழுவை யாரும் கேப்ரியலுக்குக் கட்டிக் கொடுத்துவிடவில்லை. 1967ஆம் ஆண்டில், சார்ட்டர்ஹவுஸ் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, தன் தோழர்களோடு சேர்ந்து அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1974ஆம் ஆண்டின் இறுதியில், ஒரு நீண்ட இசைப் பயணத்தின் நடுவே, விலகப்போவதாகத் தோழர்களிடம் சொன்னார். அதன் பிறகும் 1975 மே மாதம் வரை அவர்களோடு மேடையேறினார். அப்போது அவருடைய முதல் குழந்தை மிகுந்த சிக்கலோடு பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அவர் போனதால் குழு அழிந்துவிடவும் இல்லை. டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ் பாடகராக முன்னே வந்து, அதை முன்னிலும் பெரிய புகழுக்குக் கொண்டு சென்றார். அதே காலின்ஸ், 1980இல் வெளிவந்த கேப்ரியலின் மூன்றாவது தனி ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்திருக்கிறார். 1982இல் கேப்ரியலும் நண்பர்களும் உலக இசைக் கலைஞர்களை ஒரே இடத்தில் கூட்டி நடத்திய முதல் வோமேட் விழா பெரும் நஷ்டத்தில் முடிந்து, அவர் கடனில் சிக்கியபோது, அந்தக் கடனை அடைப்பதற்காக அக்டோபர் மாதம் மில்டன் கீன்ஸ் திடலில் அவரோடு ஒரே மேடையில் நின்றவர்கள் பழைய ஜெனிசிஸ் தோழர்களே. கைவிடப்பட்டவர்கள் அப்படிச் செய்வார்களா?

இனி நம் நாட்டுத் துயரத்துக்கு வருவோம். வெள்ளையர் ஆட்சியின் இனவெறிக்கு எதிராகக் கறுப்பர் இயக்கத்தை முன்னின்று நடத்திய ஸ்டீவ் பீகோ 1977 செப்டம்பர் 12 அன்று, தம் முப்பதாவது வயதில், போலீஸ் காவலில் இறந்தார். போர்ட் எலிசபெத்தில் விசாரணையின்போது தலையில் பட்ட காயத்தோடு, ஆடையின்றி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் வண்டியில் கிடத்தி அவரைப் பிரிட்டோரியாவுக்குக் கொண்டு சென்றார்கள். கேப்ரியல் அவரைப் பற்றிய பாடலை 1980இல் வெளியிட்டார். அந்தப் பாடல் இடம்பெற்ற ஆல்பத்தை வெளியிட அமெரிக்காவில் அவருடைய இசைத்தட்டு நிறுவனமே மறுத்துவிட்டது. நம் நாட்டு அரசோ பாடலுக்குத் தடை விதித்தது. பெயர் சேர்க்கப் புறப்பட்டவர் இதைவிட எளிய வழியைத் தேர்ந்தெடுத்திருப்பார். அவருக்கு உலகளாவிய பெரும்புகழ் வந்தது 1986இல், வேறு பாடல்களால்.

உங்கள் ஐயத்தில் உள்ள உண்மை இதுதான். கறுப்பர்களுக்காக வெள்ளைக்காரர்கள் பேசுவதைக் கடுமையாக விமரிசித்தவர் பீகோ. ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் விடுதலையைத் தாங்களே பேச வேண்டும், தாங்களே நடத்த வேண்டும் என்பதே அவருடைய இயக்கத்தின் உயிர்நாடி. அப்படிப்பட்டவரைப் பற்றி ஓர் ஆங்கிலேயர் பாடலாமா என்று நீங்கள் கேட்டிருந்தால், அது மதிப்புள்ள கேள்வியாக இருந்திருக்கும். என் பதில் அந்தப் பாடலின் அமைப்பிலேயே இருக்கிறது. பீகோவின் இறுதிச் சடங்கில் மக்கள் பாடிய பாடல்களின் ஒலிப்பதிவோடு அது தொடங்குகிறது, அவற்றோடுதான் முடிகிறது. நடுவில் மட்டுமே கேப்ரியலின் குரல். கடைசிச் சொல்லைத் துக்கம் அனுபவித்தவர்களிடமே விட்டுவிடுகிறார். கச்சேரிகளிலும், கூட்டம் பாடிக்கொண்டிருக்கும்போதே அவரும் இசைக்கலைஞர்களும் மேடையை விட்டு இறங்கிவிடுவது வழக்கம். பிறர் துயரைப் பாட வருகிற எந்தக் கலைஞனும் கற்க வேண்டிய அடக்கம் இது என்பது என் உறுதியான எண்ணம்.

பீகோ வேறு யாரோ என்பது போல நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. அவர் மருத்துவம் படிக்க வந்தது நம் டர்பனுக்கு. நேட்டால் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பள்ளியில் ஆப்பிரிக்க, இந்திய, கலப்பின மாணவர்கள் ஒன்றாகப் படித்தார்கள். வெண்ட்வொர்த் பகுதியிலிருந்த விடுதியில் இரவெல்லாம் விவாதித்தார்கள். அந்தச் சூழலிலிருந்து பிறந்த மாணவர் அமைப்பு, கறுப்பர் என்ற சொல்லுக்குள் இந்தியர்களையும் சேர்த்தே தன்னை வரையறுத்துக்கொண்டது. 1974 செப்டம்பரில் டர்பன் கரீஸ் ஃபவுண்டன் திடலில் தடையை மீறிக் கூட்டிய பேரணியைத் தொடர்ந்து வழக்குக்கு ஆளாகி, ராபன் தீவுச் சிறைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஸ்ட்ரினி மூட்லியும் சாத்ஸ் கூப்பரும் நம் சமூகத்தவர்கள். அந்த வழக்கில் அவர்களுக்காகச் சாட்சி சொல்ல 1976இல் நீதிமன்றம் ஏறியவர் பீகோ. அவரைப் பற்றிய பாடல் நமக்கு அயலார் பாடல் ஆகிவிடுமா?

தமிழுக்கு என்ன தொடர்பு என்று இன்னும் கேட்பீர்களானால், எல். சங்கரின் பெயரைச் சொல்கிறேன். சென்னையில் பிறந்தவர், 1958 இனக்கலவரத்தால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இசைக் குடும்பத்தின் பிள்ளை, கர்நாடக வயலினில் தேர்ந்து, பத்துத் தந்தி கொண்ட இரட்டை வயலினை வடிவமைத்தவர். நம் நாட்டுச் சன் சிட்டி உல்லாச விடுதியில் பாட மறுத்த கலைஞர்கள் 1985இல் கூடி இனவெறிக்கு எதிராக வெளியிட்ட ஆல்பத்தில், கேப்ரியலோடு இணைந்து ஒரு பாடலை உருவாக்கியவர் இவரே. 1989இல் வெளிவந்த கேப்ரியலின் ஒரு திரைப்பட இசையிலும், 1993ஆம் ஆண்டு தொடங்கிய உலகப் பயணத்திலும் சங்கரின் வயலின் ஒலித்தது. தனியே போனவர் என்று நீங்கள் சொல்லும் மனிதர், ஒரு குழுவில் இருந்தபோது சேர்ந்து இசைத்தவர்களைவிட எத்தனையோ மடங்கு பேரோடு பிறகு சேர்ந்து இசைத்தார்.

நம் பிள்ளைகளுக்கு இடம் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ குழுவாகவும் தனியாகவும் பாடுகிறவர்கள் ஒலிப்பதிவை அனுப்பட்டும், கேட்டு எழுதுகிறோம். அதற்காகக் கேப்ரியலின் பக்கங்களைக் குறைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.