நானோநொடிக் கணக்கு: கேள்வி பதில்

டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்து நம் ஆட்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பிடிபி என்பது வலையமைப்பு வழியாகக் கணினிக் கடிகாரங்களை மிகத் துல்லியமாக ஒன்றாக ஓட வைக்கும் நெறிமுறை. அதை லினக்ஸில் செய்யும் லினக்ஸ்பிடிபி என்ற திறமூல மென்பொருளில் சில வருடங்களாக வேலை செய்கிறேன். பதில்கள் அந்த அனுபவத்திலிருந்து.

அண்ணா, என்டிபி இருக்கும்போது பிடிபி எதற்கு? (மாணவர், சாட்ஸ்வொர்த்)

என்டிபி என்பது கணினிகள் வழக்கமாக நேரம் சரிசெய்துகொள்ளும் நெறிமுறை. அது இணையம் வழியே சில மில்லிநொடிக்குள் கொண்டுவந்துவிடும். வீட்டுக்கும் கடைக்கும் அது தாராளம். ஆனால் நம் தென்னாப்பிரிக்காவின் கரூ என்ற வறண்ட நிலத்தில் நிற்கும் மீர்காட் வானொலித் தொலைநோக்கியை நினைத்துப் பார், தம்பி. 64 டிஷ்களும் ஒரே வானொலி அலையைப் பிடிக்கின்றன. எது எப்போது பிடித்தது என்று மில்லிநொடியில் சொன்னால் படமே வராது. மில்லிநொடி போதாத இடத்துக்குத்தான் பிடிபி.

பிடிபியும் தரவுப் பொட்டலம் (பாக்கெட்) அனுப்பித்தானே நேரம் பார்க்கிறது? (நெட்வொர்க் பொறியாளர், ஜோகன்னஸ்பர்க்)

ஆமாம், ஆனால் நேர முத்திரையை எங்கே குத்துகிறோம் என்பதுதான் விஷயம். பொட்டலம் வந்து, வரிசையில் காத்து, நிரல் விழித்து நேரம் பார்ப்பதற்குள் எவ்வளவு தாமதம் என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் மாறும். நெட்வொர்க் கார்டே கம்பி ஓரத்தில் முத்திரை குத்திவிட்டால் அந்தத் தாமதம் கணக்கில் வராது. 2011இல் வந்த லினக்ஸ் 3.0இல் இதற்கான அடித்தளத்தைப் போட்டவர் ரிச்சர்ட் காக்ரன். லினக்ஸ்பிடிபியைத் தொடங்கியவரும் அவர்தான். கார்டு வாங்குமுன் ‘ஈத்டூல் -டி’ (ethtool -T, பெரிய எழுத்து T) கட்டளை ஹார்ட்வேர் முத்திரை உண்டு என்று காட்டுகிறதா என்று பாருங்கள். இன்டெல் ஐ210 போன்ற எளிய கார்டே போதும்.

பிடிபி நிரலின் பதிவு (லாக்) அழகாக இருக்கிறது, தலைமைக் கடிகாரத்தோடு உள்ள வித்தியாசம் (ஆஃப்செட்) 20 நானோநொடிக்குள். நம்பலாமா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. நம்பாதீர்கள். பொட்டலம் போக ஆகும் நேரமும் வர ஆகும் நேரமும் சமம் என்று வைத்துக்கொண்டு, மொத்தத்தைப் பாதியாக்கித்தான் பிடிபி தாமதத்தைக் கணக்கிடுகிறது. ஃபைபரில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 5 நானோநொடி. ஒரு திசை இழை 100 மீட்டர் நீளம் கூடினால் வித்தியாசம் 500, அதில் பாதி, அதாவது 250 நானோநொடி, பிழையாக நிற்கும். லாக்கில் அது தெரியவே தெரியாது! இரண்டு கார்டுகளிலும் நொடிக்கொரு துடிப்பை வெளியே எடுத்து ஆசிலோஸ்கோப்பில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றுதான் எனக்கே இது உறைத்தது. லாக் சுழியத்தைச் சுற்றி ஆடுகிறது, திரையில் இரண்டு விளிம்புகளும் தள்ளித் தள்ளி நிற்கின்றன. வித்தியாசத்தை அளந்து ‘டிலே அசிமெட்ரி’ அமைப்பில் கொடுத்த பிறகுதான் சேர்ந்தன.

என் கணினி சரியாக 37 நொடி பிசகுகிறதே?

பிடிபி ஓடுவது டிஏஐ என்ற அணுக் கடிகார நேரத்தில். 2017 ஜனவரி முதல் அது, நாம் அன்றாடம் பயன்படுத்தும் நேரத்துக்கு அடிப்படையான யுடிசியைவிட 37 நொடி முன்னால் இருக்கிறது. கார்டின் நேரத்தைக் கணினிக் கடிகாரத்துக்குக் கொண்டுவரும் பிஹெச்சி2சிஸ் நிரலை ‘-டபிள்யூ’ (சிறிய எழுத்து w) கொடுத்து ஓட்டுங்கள். வித்தியாசத்தை பிடிபியை ஓட்டும் பிடிபி4எல் நிரலிடமே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

லோட் ஷெட்டிங் (முறை வைத்து மின்வெட்டு) வந்தால்? (அம்மா ஒருவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அம்மா, தலைமைக் கடிகாரத்துக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் முதலில் யுபிஎஸ் வையுங்கள். தலைமைக் கடிகாரத்தோடு தொடர்பு அறுந்த கணினியின் குவார்ட்ஸ் கடிகாரம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே ஒரு நாளில் 86 மில்லிநொடி போய்விடும். மின்சாரம் திரும்பியதும் குவார்ட்ஸ் சூடாகி நிலைக்கும்வரை அளவெடுக்க வேண்டாம்.

நானும் நிரல் எழுதிச் சேர வேண்டும். எங்கே தொடங்குவது?

சரி, முதலில் இரண்டு கணினிகளை நேராக ஒரு கேபிளில் இணைத்து பிடிபி4எல் ஓட்டு. லாக்கில் எஸ்0, எஸ்1, எஸ்2 என்று வரும்: இன்னும் பூட்டவில்லை, நேரத்தைத் தாவ வைக்கிறது, பூட்டியாயிற்று. அந்த மூன்றையும் முடிவு செய்து கடிகாரத்தைச் சரிசெய்யும் ‘செர்வோ’ என்ற நிரல் பகுதியைப் படி, சின்னதுதான். அப்புறம் கேபிளைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருகு. எத்தனை நொடியில் எஸ்2 வருகிறது என்று எழுதி வை. உன் திருத்தத்தை அனுப்பும்போது அந்த எண்களையும் சேர்த்து அனுப்பு.