உட்கார்ந்தே வேலை செய்பவர்களை எழுப்ப ஆப், வாட்ச் உதவுமா?

நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறேன், நடுவில் எழுந்திருக்கச் சொல்லும் ஆப், வாட்ச் எல்லாம் நிஜமாகவே பயன்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயன்படும், உங்கள் வேலை ஓடுகிற விதத்துக்கு அது ஒத்துப்போனால்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் நான் கம்ப்யூட்டரில் பில்லிங் வேலை பார்க்கிறேன். சின்னம்மா திண்ணையில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்.

எனக்கு ஸ்ட்ரெச்லி என்ற இலவச மென்பொருள் போதுமாக இருக்கிறது. அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிட இடைவேளை என்று திரையில் வந்து நிற்கும். இடைவேளையைப் பாதியில் முடித்துவிட முடியாதபடி கண்டிப்பான முறை ஒன்றும் அதில் உண்டு. அதைப் போட்டுவிடுங்கள். தள்ளிப்போடும் வசதியையும் அணைத்துவிடுங்கள்; 'பிறகு' என்ற பொத்தான் கண்ணில் பட்டால் விரல் அங்கேதான் போகும். ஆப்பிள் வாட்ச் மணிக்கு ஒருமுறை, 50-ஆவது நிமிடத்தில்தான் எழச் சொல்லும். அரை மணிதான் நல்லது என்பது என் எண்ணம். 2023-இல் வெளிவந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வில், அரை மணிக்கு ஒருமுறை 5 நிமிடம் மெதுவாக நடந்தபோது, சாப்பிட்டபின் ஏறும் சர்க்கரை பாதிக்கு மேல் குறைந்தது. 11 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

சின்னம்மாவுக்கு இதெல்லாம் சரிவராது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. பாதி சுற்றும்போது அலாரம் அடித்தால், "இந்த இலையை முடிச்சிட்டு வரேம்மா" என்பார்; அப்புறம் மறந்துவிடுவார். வாட்சும் உதவாது, அது கை அசைவை வைத்துக் கணக்குப் போடுவது. அவர் கையோ ஓயாமல் அசையும். அதனால் அவருக்குப் பிடித்த பழைய பாட்டுகளை அரை மணி நேரப் பட்டியலாகப் போட்டு, போனைச் சமையலறை அலமாரியில் வைத்து, ஸ்பீக்கரை மட்டும் திண்ணைக்குக் கொண்டுவந்தேன். பாட்டு நின்றால் கையில் இருப்பதை முடித்துவிட்டு அவரே எழுந்து போய்ப் போடுவார். அப்படியே ஒரு சொம்பு தண்ணீரும் குடித்துவிட்டு வருவார்.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் தையல் மெஷினில் உட்காரும் பெண்களுக்கு இந்த வழிகூட இல்லை. வரிசையில் ஒருவர் எழுந்தால் அடுத்தவருக்கு வேலை தேங்கும். அங்கே தனித்தனி வாட்ச் வீண். வரிசை முழுவதற்கும் நிர்வாகமே மணி அடிக்க வேண்டும், அந்த நிமிடங்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்கவும் கூடாது.